வேறெங்கும் இல்லாத மினுக்கன்

ஒரு காட்டில் என்று தொடங்கினால், எந்தக் காடு என்று உடனே கேட்பீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா? அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடலுக்கு நடுவில் ஒரு சின்னத் தீவு. அந்தத் தீவின் மேட்டில் தாழம்புதரும் பூவரசும் பின்னிக் கிடக்கும் ஒரு காடு. அந்தக் காட்டில் மினுக்கன் என்று ஒரு தரைவண்டு இருந்தான்.

தரைவண்டு பறக்காது. முதுகில் இறக்கைக்கு மூடி இருக்கும். ஆனால் அந்த மூடி இரண்டும் ஒட்டிப்போய், சாவி தொலைந்த பெட்டி மாதிரி மூடியே கிடக்கும். அதனால் என்ன? ஓட்டத்தில் மினுக்கன் கெட்டிக்காரன். நத்தையைத் துரத்திப் பிடிப்பான். சிரிக்காதீர்கள், கம்பளிப்பூச்சியையும் துரத்திப் பிடிப்பான்.

ஆள் கருப்பு. வெறும் கருப்பு இல்லை, வெளிச்சம் பட்டால் முதுகில் பச்சையும் ஊதாவும் ஓடும். மண்ணெண்ணெய் சிந்திய தண்ணீரைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அந்த மாதிரி.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கல்லுக்கு அடியிலும் கட்டைக்கு அடியிலும் வாழும் பூச்சிகளுக்கு, இந்தக் கல் இன்னாருக்குச் சொந்தம் என்று கிடையாது. வெயில் ஏறியதும் யாருக்கு எந்தக் கல் பக்கமோ அதற்குள் நுழைந்துகொள்ள வேண்டியதுதான். "கொஞ்சம் நகருங்க" என்று சொன்னால் போதும். உள்ளே இருப்பவர் முணுமுணுத்துக்கொண்டாவது நகர்ந்தாக வேண்டும். பேருந்தில் நாம் செய்கிறோமே, அதேதான்.

இருப்பதிலேயே பெரியது நீளக்கல். அதற்கு அடியில் மினுக்கன், அவன் மனைவி அஞ்சனம், பிள்ளைகள் எல்லாம் இருந்தார்கள். கூடவே தவிட்டம்மா என்ற கரப்பான், அவள் பின்னாலேயே அலையும் அவள் குஞ்சுகள், சுருளி என்ற மரவட்டை, இன்னும் யார் யாரோ இருந்தார்கள். ஒருவர் கால் ஒருவர் மேல் படும். சண்டை வரும். சாயங்காலத்துக்குள் மறந்தும் போகும்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் மினுக்கன் காட்டின் ஓரத்தில் ஒரு கல்லிடுக்கில் நின்றுகொண்டிருந்தான். குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து பறந்து வரும் உப்புக்கொத்திப் பறவை ஒன்று அந்தப் பக்கம் வந்தது. வயிறு முட்ட நண்டு தின்றிருந்ததால் அதற்கு அவனைக் கொத்தத் தோன்றவில்லை. தலையைச் சாய்த்து அவனைப் பார்த்தது.

"உன்னை மாதிரி ஒரு வண்டை நான் வேற எங்கேயும் பார்த்ததில்லையே" என்றது.

"எங்கேயும்னா?" என்றான் மினுக்கன்.

"எங்கேயும்னா எங்கேயும்தான். எவ்வளவு கரையில இறங்கியிருக்கேன், எவ்வளவு சேத்துல நடந்திருக்கேன். கரப்பான் எல்லா ஊர்லயும் இருக்கு. மரவட்டை எல்லா ஊர்லயும் இருக்கு. உன்னோட வகை இந்தத் தீவை விட்டா கிடையாது."

உப்புக்கொத்தி இதைப் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை. இன்றைக்கு மேகமாக இருக்கிறது என்று சொல்வது மாதிரி பேச்சுவாக்கில் சொல்லிவிட்டு அலையோரம் ஓடிப்போனது.

ஆனால் மினுக்கனுக்குத் தலை கால் புரியவில்லை. வேட்டைக்கு வந்ததையே மறந்து நீளக்கல்லுக்குத் திரும்பினான். வழியில் தேங்கிக் கிடந்த மழைத்தண்ணீரில் தன் முதுகை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

"அஞ்சனம், உனக்கு விஷயம் தெரியுமா? நாம அபூர்வம்."

"சரி, நத்தை கிடைச்சுதா?" என்றாள் அஞ்சனம்.

"நான் என்ன சொல்றேன், நீ என்ன கேக்குறே? உலகத்துல வேற எங்கேயும் நாம கிடையாது. உப்புக்கொத்தி சொல்லுச்சு. ஊர் ஊரா சுத்துறவங்க பொய் சொல்வாங்களா?"

"பிள்ளைங்க பசியில கத்துது. அதுங்களுக்கு அபூர்வத்தை ஊட்டவா?"

இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டான் மினுக்கன். அன்றைக்கு முழுக்க அவன் நத்தை பிடிக்கவில்லை. அபூர்வமானவன் நத்தை பின்னால் ஓடினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

மறுநாள் உச்சி வெயில். மண் கொதித்தது. இரை தேடப் போயிருந்த தவிட்டம்மா குஞ்சுகளை இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள். நீளக்கல்லின் வாயில் வந்து, "தம்பி, கொஞ்சம் நகரு" என்றாள்.

மினுக்கன் நகரவில்லை. வாயிலை அடைத்துக்கொண்டு நின்றான்.

"இனிமே இந்தக் கல் அபூர்வமானவங்களுக்கு மட்டும்தான்."

"என்னது?"

"நீ எல்லா ஊர்லயும் இருக்கிறவ. எங்கே பார்த்தாலும் உன் கூட்டம்தான். நாங்க அப்படி இல்ல. எங்களைப் பக்கத்துல வெச்சுப் பார்க்கிறதுக்கு ஒரு தராதரம் வேணாமா?"

தவிட்டம்மா முதலில் விளையாடுகிறான் என்றுதான் நினைத்தாள். அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் விளையாட்டு இல்லை என்று தெரிந்தது.

"எல்லா ஊர்லயும் எங்க ஆளுங்க இருக்காங்க, வாஸ்தவம்தான். ஆனா நான் இந்த ஊர்லதானே இருக்கேன். பிள்ளைங்களுக்குக் கால் சுடுது தம்பி."

"தம்பி கிம்பின்னு கூப்பிடாதே. யாராவது கேட்டா உனக்கும் எனக்கும் உறவுன்னு நினைச்சுக்கப் போறாங்க."

பக்கத்தில் ஒரு பூவரசங்கட்டை பாதி மக்கிக் கிடந்தது. தவிட்டம்மா குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு அதற்கு அடியில் போய் ஒண்டிக்கொண்டாள். அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. குஞ்சுகள் பார்க்கின்றனவே என்று இரண்டையும் அடக்கிக்கொண்டாள்.

அடுத்தது சுருளி. மரவட்டை நடப்பது உங்களுக்கே தெரியும். கால்களுக்குக் குறைவில்லை, ஆனால் போய்ச் சேருவதற்குள் பொழுது போய்விடும். பேச்சும் அப்படித்தான். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் நீங்கள் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். அவரையும் மினுக்கன் வெளியே அனுப்பினான். "ஏதாவது சொல்லணும்னா எட்ட நின்னு சொல்லுங்க மாமா. பக்கத்துல வராதீங்க" என்று உத்தரவு வேறு.

அதோடு விட்டானா? தீவில் அங்கங்கே இருந்த தன் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியனுப்பினான். நம் ஆட்கள் கண்ட கண்ட கல்லுக்கு அடியில் கண்டவர்களோடு கலந்து கிடக்கலாமா, எல்லோரும் நீளக்கல்லுக்கு வந்து சேருங்கள் என்று. சித்தப்பன் வீடு, மச்சான் வீடு, பெயர் மறந்துபோன தூரத்துச் சொந்தம், எல்லோரும் மூட்டை முடிச்சோடு வந்துவிட்டார்கள். கல்லுக்கு அடியில் கால் வைக்க இடமில்லை.

"எல்லாரையும் ஒரே இடத்துல அடைச்சுட்டீங்க. மூச்சு முட்டுது" என்றாள் அஞ்சனம்.

"பெருமைன்னா கொஞ்சம் முட்டத்தான் செய்யும்" என்றான் மினுக்கன். அவனுக்கு முட்டவில்லை. ஏனென்றால் அவன் வெளியே, கல்லின் மேல் ஏறி நின்று, முதுகில் வெளிச்சம் படும்படி திரும்பித் திரும்பி நின்றுகொண்டிருந்தான்.

சில நாள் போயிற்று. ஒரு பிற்பகலில் வானம் மூடிக்கொண்டு தூறல் போட்டது. தீவின் கரையில் ஒரு தோணி வந்து ஒதுங்கியது. மீன்பிடிக்கிறவர்கள் ஊற்றில் நல்ல தண்ணீர் பிடிக்க இறங்கினார்கள். கரையில் அடுப்பு மூட்டிச் சோறு வைத்தார்கள். அவர்கள் பார்க்காத நேரத்தில் தோணியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு எலி இறங்கியது. அதன் பெயர் நங்கூரம்.

நங்கூரத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த ஊரில் இறங்கினாலும் அந்த ஊருக்கே உரிய பலகாரத்தைத் தின்னாமல் அது கிளம்பாது. கரையில் ஒரு சங்கு நண்டைப் பிடித்து வைத்துக்கொண்டு அது பெருமை பேசிக்கொண்டிருந்தது.

"தூத்துக்குடியில மக்ரூன் தின்னேன். கீழக்கரையில தொதல் தின்னேன். மனுஷன் இல்லாத தீவுன்னா பலகாரம் ஏது? அங்கே உயிரோட ஓடுறதுதான் பலகாரம். ஒரு தீவுல வெள்ளை நண்டு. இன்னொரு தீவுல நீலத்தலை ஓணான் குட்டி. வேற எங்கேயும் கிடைக்காததா இருக்கணும், அதான் கணக்கு. இங்கே என்ன இருக்கு?"

"எனக்குத் தெரியாதுங்க. மேலே காட்டுல கேட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு நண்டு சங்குக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

இதையெல்லாம் பக்கத்துச் சருகுக்குள் இருந்து சுருளி கேட்டுவிட்டார். அவருக்குப் பகீர் என்றது. வேறெங்கும் கிடைக்காதது என்றால் மினுக்கன்தானே? அவமானப்படுத்தியவன்தான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க மனம் கேட்கவில்லை. எலி தாழம்புதரைச் சுற்றிச் சுற்றி வழி தேடிக்கொண்டிருந்த நேரத்தில், தன்னால் முடிந்த வேகத்தில் நீளக்கல்லுக்கு வந்து சேர்ந்தார்.

"மினுக்கா... கரையில... ஒரு தோணி..."

"எட்ட நில்லுங்க மாமா."

"நிக்கிறேன்ப்பா... அந்தத் தோணியில இருந்து..."

"இன்னும் எட்ட. உங்க மூச்சு கல்லு மேல படுது."

"ஒரு எலி... அது என்னன்னா..."

"யாரு வந்தா எனக்கென்ன மாமா? பார்க்க வர்றவங்க வரட்டும். அபூர்வம்னா நாலு பேர் வரத்தான் செய்வாங்க. நீங்க கிளம்புங்க."

சுருளிக்கு மனம் விட்டுப்போயிற்று. மரவட்டைக்கு மனம் விட்டுப்போனால் என்ன செய்யும்? சுருண்டுகொள்ளும். அவரும் அங்கேயே சுருண்டுவிட்டார். சொல்ல வந்தது பாதி வயிற்றுக்குள்ளேயே நின்றுவிட்டது.

அதற்குள் நங்கூரம் மேடேறி வந்துவிட்டது. கல்லின் மேல் ஒரு வண்டு பச்சையும் ஊதாவுமாக நிற்பதைப் பார்த்ததும் பணிவாகக் கும்பிட்டது.

"ஐயா, நான் வெளியூர். வேற எங்கேயும் கிடைக்காதது இந்தத் தீவுல என்ன இருக்குன்னு கொஞ்சம் சொல்ல முடியுங்களா?"

எதற்குக் கேட்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீங்களும் நானும் கேட்டிருப்போம். மினுக்கன் கேட்கவில்லை. இந்தக் கேள்விக்காகத்தானே அவன் அத்தனை நாளாகக் கல்லின் மேல் நின்றான்?

"சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கே. அது நான்தான்."

"நீங்களா?"

"நானேதான். உலகத்துல வேற எந்தக் கரையிலயும் கிடையாது. நல்லா பார்த்துக்கோ."

நங்கூரம் நல்லாவே பார்த்தது. முன்னால் இருந்து பார்த்தது, பின்னால் இருந்து பார்த்தது. "அடடா, கொழுகொழுன்னு இருக்கீங்களே" என்றது. "நீங்க ஒருத்தர்தானுங்களா?"

"என்ன கேள்வி இது? என் வம்சமே இருக்கு. முன்னெல்லாம் தீவு முழுக்கச் சிதறிக் கிடந்தோம். நான்தான் எல்லாரையும் இந்த ஒரே கல்லுக்கு அடியில கொண்டுவந்து சேர்த்தேன்."

"எல்லாரும் ஒரே இடத்துலயா? ரொம்ப உபகாரம்" என்று சொல்லி, நங்கூரம் தன் முன்னங்காலைத் தூக்கி மினுக்கனின் முதுகில் வைத்து அழுத்தியது. "தோணி கிளம்புற நேரமாயிடுச்சு. தலையில இருந்து ஆரம்பிக்கட்டுமா, கால்ல இருந்தா?"

மினுக்கனுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் காலை உதறித் திமிறிப் பார்த்தான்.

"நான் அபூர்வம். அபூர்வத்தைப் போய் யாராவது தின்பாங்களா?"

"அபூர்வம்னுதானே தின்கிறேன். சாதாரணமா கிடைக்கிறதைத் தின்ன நான் ஏன் இவ்வளவு மேடு ஏறி வரணும்?"

தரைவண்டுக்குப் பயம் வந்தால் பின்பக்கத்திலிருந்து ஒரு நாற்றத் தண்ணீரைப் பீய்ச்சும். அபூர்வமானவன் ஆனதிலிருந்து அது மரியாதைக் குறைவு என்று மினுக்கன் விட்டுவிட்டிருந்தான். இப்போது மரியாதை பார்க்க நேரமில்லை. இருந்ததையெல்லாம் எலியின் மூக்கைப் பார்த்துப் பீய்ச்சினான்.

நங்கூரம் மூக்கை உறிஞ்சியது. தும்மக்கூட இல்லை.

"இவ்வளவுதானா? எங்க தோணி அடித்தட்டுல வந்து பாரு. எந்நேரமும் இதே வாசனைதான். நான் அதுலயே பொறந்து வளர்ந்தவன்."

மினுக்கன் கெஞ்சினான். "என்னைத் தின்னுக்கோ. கல்லுக்கு அடியில இருக்கிறவங்களை விட்டுடு. அதுங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"ருசி பார்த்துட்டுச் சொல்றேன். நல்லா இருந்துச்சுன்னா நான் தோணிக்கே திரும்பப் போறதில்ல. தோணியில இருக்கிற என் ஆளுங்களையும் கூப்பிட்டுக்குவேன். கல்லைப் புரட்டினா எல்லாருக்கும் விருந்து."

அப்போதுதான் மினுக்கனுக்கு உறைத்தது. கரப்பான் கூட்டம் ஒரு ஊரில் அழிந்தால் இன்னொரு ஊரில் இருக்கும். மரவட்டைக்கும் அப்படித்தான். அவன் கூட்டத்துக்கு இந்தக் கல்லை விட்டால் வேறு கல் இல்லை, இந்தத் தீவை விட்டால் வேறு தீவு இல்லை. உப்புக்கொத்தி சொன்னதற்கு இதுவும்தான் அர்த்தம். கல்லுக்கு அடியில் அவன் கடைக்குட்டி ஏதோ கேட்டுச் சிணுங்குவது காதில் விழுந்தது. அவனுக்கு அழுகை வந்தது.

"டேய் தம்பி. மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா நீ?"

எலியும் திரும்பியது, மினுக்கனும் திரும்பினான். பூவரசங்கட்டைக்கு அடியிலிருந்து தவிட்டம்மா வந்துகொண்டிருந்தாள். ஓடி வரவில்லை. வீட்டு வேலையைப் பாதியில் விட்டு வந்த எரிச்சலில் நடப்பவள் மாதிரி நடந்து வந்தாள்.

"யாரம்மா நீ?" என்றது நங்கூரம்.

"பார்த்தா தெரியலையா அண்ணே? கரப்பான். இவனோட கூடப்பொறந்தவ."

"இவன் கூடப்பொறந்தவளா? இவன் ஏதோ உலகத்துலயே கிடையாதுன்னு சொன்னானே."

"சொல்லுவான். சின்ன வயசுல இருந்தே இவனுக்கு இந்த வியாதி. யாரு வந்தாலும் கல்லு மேல ஏறி நின்னுக்கிட்டு, நான் அபூர்வம், நான் அபூர்வம்னு அளப்பான். எங்க குடும்ப மானமே இவனால போகுது. பக்கத்துல வராதே, அக்கான்னு சொல்லிடாதேன்னு என்னையே விரட்டிட்டான்னா பாருங்க."

மினுக்கனுக்குக் காது சுட்டது. கரப்பானா? நானா? பழக்கம் பொல்லாதது பாருங்கள், முதுகில் எலியின் கால் இருக்கும்போதே அவன் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நான் ஒண்ணும் கரப்பான் இல்..."

தவிட்டம்மா அவன் காலை நறுக்கென்று மிதித்தாள். "இல்லைன்னுதான் சொல்லுவான் அண்ணே. வெக்கம்."

நங்கூரம் கண்ணைச் சுருக்கியது. "கரப்பான் தவிட்டு நிறம்ல? இவன் பளபளன்னு இருக்கானே."

"வேலை வெட்டி செய்யாம தண்ணியில முதுகைப் பார்த்துப் பார்த்துத் தேய்ச்சுக்கிட்டே கிடந்தா பளபளக்காம என்ன செய்யும்?"

"இறக்கை? கரப்பான்னா விரிக்கணுமே."

"அதையும் சோம்பல்ல விரிக்காம விட்டு ஒட்டிப்போச்சு. எங்கம்மா தலையில அடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க, கேட்டாத்தானே?"

நங்கூரத்துக்கு நம்பிக்கை வரவில்லை. "ரெண்டு பேரும் சேர்ந்து என்னை ஏமாத்துறீங்களா? நான் ஏழு கடல் தண்ணி குடிச்சவன்."

"நாங்க சொல்றதை நம்பாதீங்க. உங்க மூக்கை நம்புங்க" என்றாள் தவிட்டம்மா. "இப்ப இவன் உங்க மேல பீய்ச்சினானே, என்ன வாசனை அடிச்சுது? நான் சொல்லல, நீங்களே சொன்னீங்க. கட்டைக்கு அடியில இருந்த எனக்கே கேட்டுச்சு."

எலி ஒரு கணம் யோசித்தது. "எங்க தோணி அடித்தட்டு வாசனை."

"அந்த அடித்தட்டுல யாரு இருக்கா?"

"கரப்பான்தான். வேற யாரு?"

"அப்ப இவன் யாரு?"

நங்கூரம் மறுபடி முகர்ந்தது. அதன் மீசை தொங்கிப்போயிற்று. ஆனாலும் காலை எடுக்கவில்லை. "அவன் வாயால சொல்லட்டும்" என்றது.

தவிட்டம்மா மினுக்கனைப் பார்த்தாள். இனி அவளால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. கல்லின் இடுக்கில் ஒரு சின்ன மீசை வெளியே நீண்டு, அப்பா எங்கே என்று துழாவிக்கொண்டிருந்தது. மினுக்கன் அதைப் பார்த்தான்.

"நான் கரப்பான்தான்" என்றான். சொல்ல ஆரம்பித்த பிறகு அவ்வளவு கஷ்டமாக இல்லை. "எங்க ஆளுங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க. சாக்கடையில இருக்காங்க, அரிசி மூட்டையில இருக்காங்க, உங்க தோணியிலயும் இருக்காங்க. அக்கா சொல்றதுதான் நிஜம். நான் சும்மா பீத்திக்கிட்டேன்."

"கல்லுக்கு அடியில?"

"அங்கேயும் கரப்பான்தான். நெருக்கியடிச்சுக் கிடக்கு."

நங்கூரம் காலை எடுத்துவிட்டது. அதன் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"மூணு வேளையும் கரப்பான் தின்னு நாக்கே செத்துப்போச்சேன்னு இவ்வளவு தூரம் ஏறி வந்தேன். இங்கேயும் கரப்பானா?"

கரையிலிருந்து தோணிக்காரர்களின் குரல் கேட்டது. காற்று தோதாகிவிட்டது, பாயை ஏற்றுகிறார்கள். எலி வாலைச் சுருட்டிக்கொண்டு இறக்கத்தில் ஓடியது. "இந்தத் தீவுல ஒரு மண்ணும் இல்ல, எவனும் இறங்காதீங்க" என்று தோணியில் இருந்த தன் ஆட்களைப் பார்த்துக் கத்திக்கொண்டே கயிற்றில் ஏறியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோணி சின்னதாகி, கடலின் ஓரத்தில் ஒரு புள்ளியாகி, காணாமல் போயிற்று.

மினுக்கன் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். அந்தச் சமயம் பார்த்துச் சுருளி மெல்லச் சுருள் பிரிந்தார்.

"...அது வேற எங்கேயும் கிடைக்காததாத் தேடித் தேடித் தின்னும். அதனால ஜாக்கிரதையா இருப்பா" என்றார்.

அஞ்சனம் வெளியே வந்து எட்டிப் பார்த்தாள். அவள் பின்னால் சொந்தபந்தம் ஒவ்வொன்றாக வந்தது. நடந்தது எல்லாம் அவர்கள் காதிலும் விழுந்திருந்தது. எல்லோரும் மினுக்கனைப் பார்க்காமல் மண்ணைப் பார்த்தார்கள்.

தவிட்டம்மா கட்டைக்குத் திரும்பி நடக்கத் தொடங்கினாள்.

"அக்கா" என்றான் மினுக்கன்.

அவள் நின்றாள். திரும்பவில்லை.

"நான் உங்களை அப்படியெல்லாம் பேசியும் வந்து காப்பாத்தினீங்களே. என்ன சொல்றதுன்னே தெரியலை. உங்களுக்கு நான்..."

"உனக்காக வரல" என்றாள் தவிட்டம்மா. "உன் மேல எனக்கு இன்னும் கோபம் இருக்கு. நிறைய இருக்கு. கல்லுக்கு அடியில இருக்கிற குஞ்சுங்க என்ன பாவம் செஞ்சுது? நீ விரட்டுற வரைக்கும் என் பிள்ளைங்களோட உருண்டு விளையாடினதுங்க."

மினுக்கன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

"இன்னொண்ணு கேளு. பொய் சொல்லக் கூடாதுன்னு தினமும் என் பிள்ளைங்களை அடிக்காத குறையா வளர்க்கிறேன். இப்ப அதுங்க கேட்டுக்கிட்டிருக்கும்போதே, இவன் என் கூடப்பொறந்தவன்னு ஒரு எலிகிட்ட சத்தம் போட்டுச் சொல்லிட்டேன். நாளைக்கு அதுங்க எதிர்த்துக் கேட்டா நான் எந்த முகத்தோட பதில் சொல்ல?"

அவள் சொல்லி முடிப்பதற்குள் கட்டைக்கு அடியிலிருந்து குஞ்சுகள் திபுதிபுவென்று வந்துவிட்டன. அதில் இருப்பதிலேயே சின்னது, இன்னும் நிறம்கூடச் சரியாக ஏறாதது, கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தது. மினுக்கனை மேலும் கீழும் பார்த்தது.

"அம்மா, அப்ப இவரு எங்களுக்கு மாமாவா?"

தவிட்டம்மா மினுக்கன் பக்கம் திரும்பினாள். அஞ்சனமும் திரும்பினாள். சித்தப்பன் வீடு, மச்சான் வீடு, தூரத்துச் சொந்தம் எல்லோரும் மினுக்கனையே பார்த்தார்கள். எலி போய்விட்டது. இனி அவன் என்ன சொன்னாலும் அவன் உயிருக்கு ஆபத்தில்லை.

மினுக்கன் கல்லிலிருந்து இறங்கி அந்தக் குஞ்சின் முன்னால் வந்து, முதுகைத் தாழ்த்தி உட்கார்ந்தான்.

"ஆமா கண்ணு" என்றான். "தாய்மாமன்."

நீதி: நாம் எவ்வளவு அரியவர் என்பது நம்மைக் காப்பாற்றாது, ஆபத்து வேளையில் நம்மைத் தம்மவர் என்று சொல்ல ஒருவர் இருந்தால், அதுதான் காப்பாற்றும்.